ஃப்ளைவீலைக் கடைந்தால் பிக்கப் கூடுமா?

கேள்வி: என்னிடம் பழைய டீசல் ஜீப் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஆடு ஏற்றுவேன். மற்ற நாளில் உரமூட்டை, புண்ணாக்கு. இப்போது பிக்கப் குறைந்துவிட்டது. ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து 3 கிலோ கடைந்து எடுத்தால் வண்டி பறக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், மேலப்பாளையம்.

பதில்: வேண்டாம். மெக்கானிக் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது.

கையால் சுற்றும் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் எதற்கு அவ்வளவு பெரிய சக்கரம்? கத்தி தட்டைக்குள் இறங்கும்போது கை தளர்ந்தாலும், சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம் வெட்டி முடித்துவிடும். கிணற்றுமேட்டில் ஓடும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினும் அப்படித்தான். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அதற்கு விசை கிடைக்கிறது. மீதி ஒன்றரைச் சுற்றும் சக்கரத்தின் தயவு. ஜீப்பில் அந்த வேலையை ஃப்ளைவீல் செய்கிறது.

எடையைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று ரேஸ் ஆகும். ஆனால் குதிரைத்திறன் கொஞ்சமும் கூடாது. சக்கரத்தைச் சுழற்றச் செலவாகும் விசையில்தான் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சமும் எல்லா கியரிலும் ஒன்றல்ல. முதல் கியரில் இன்ஜின் 18 சுற்றுக்கு டயர் ஒரு சுற்று, டாப் கியரில் 5 சுற்றுக்கு ஒன்று, டயரின் ஆரம் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 14 செ.மீ. தள்ளி விளிம்பில் 3 கிலோ எடுத்தால், வேகம் பிடிக்கும்போது முதல் கியரில் ஏறக்குறைய ஒன்றரை குவிண்டால் பாரம் இறக்கிய மாதிரி இருக்கும். டாப்பில் வெறும் 12 கிலோ, ஒரு குட்டி ஆடு! அதே 3 கிலோவை 7 செ.மீ. தூரத்தில் கடைந்தால் பலன் இதிலும் கால்வாசிதான்.

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அது லாபம். அவர்கள் ஆடு ஏற்றுவதில்லை. பாரத்தோடு ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில், நெரிசலில் நின்று கிளம்ப வேண்டியவர் நீங்கள். கிளட்சை விடும்போது வண்டியை நகர்த்தக் கைகொடுப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் அந்த ஓட்டம்தான். அது குறைந்தால் இன்ஜின் பொசுக்கென்று நின்றுவிடும். நிற்காமலிருக்க ரேஸைக் கொடுத்து கிளட்சைத் தேய்ப்பீர்கள். ஒரு வருடத்தில் கிளட்ச் தட்டுக்குத் தனியாகச் செலவு. ஐடிலிங்கில் வண்டி உதறும், கியர்பாக்ஸ் கடகடக்கும். இதையெல்லாம் விட பயம் வேறு: வார்ப்பிரும்பைக் கண்டபடி கடைந்தால், வேகமாகச் சுற்றும்போது வெடித்துச் சிதறலாம். துண்டு தரையைத் துளைத்துக் காலில் பாயும்.

இன்னொன்று. முன்பு நன்றாக இழுத்த வண்டிதானே? அப்போதும் இதே ஃப்ளைவீல்தான் இருந்தது. கோளாறு வேறெங்கோ. டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், நாசில்களைச் சோதனைக்குக் கொடுங்கள். கொஞ்சதூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு பிரேக் டிரம்மிலும் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிளட்சைப் பிரிக்கும்போது ஃப்ளைவீல் முகத்தில் கோடு விழுந்திருந்தால், அதை மட்டும் லேசாகச் சமன் செய்யச் சொல்லலாம். பின்பக்கத்திலும் விளிம்பிலும் கை வைக்க விடாதீர்கள்.