எனர்ஜான் யாருக்கு உரியது?

இரு கூட்டத்தார் ஓர் அரும்பொருளுக்காகப் போரிடுகின்றனர். அது கைவரப் பெற்றோர் முன்பு இல்லாத வலிமையைப் பெறுவர். பெறாதோர் ஓய்ந்து வீழ்வர். பாற்கடலைக் கடைந்த கதையும் இத்தகையதே. போரிடும் தேவரையும் அசுரரையும் எந்திரராக மாற்றிவிட்டால் அதுவே ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கதை ஆகிவிடும். ஆட்டோபாட் என்பது ஓர் அணி; அதன் தலைவன் ஆப்டிமஸ் பிரைம். டிசெப்டிகான் என்பது மற்றோர் அணி. அதன் தலைவன் மெகாட்ரான். இருவர்க்கும் தாய்மண் சைபர்ட்ரான் என்னும் கோள். இருவரும் நாடும் ஆற்றல்பொருள் எனர்ஜான். தொலைக்காட்சியிலும் சித்திரக்கதையிலும் திரைப்படத்திலுமாக இப்போர் நாற்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது.

பெரியவர்கள் பலர் இக்கதையைக் கண்டதும் முகம் சுளிப்பர். இரும்பும் இரும்பும் மோதும் ஓசையன்றி இதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. ஓசை மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கோடிக்கணக்கான சிறுவர் தம் இளமையின் ஒரு பகுதியைச் செலவிட்ட கதையைக் காதைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவது முறையன்று. அதனிடம் இரண்டு வினாக்களையாவது எழுப்ப வேண்டும். இக்கதையில் எதிரி எவ்வாறு எதிரி ஆனான்? போருக்குக் காரணமான பொருளை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவர் யார்?

முதல் வினாவுக்கு விடை கதைக்குள் இல்லை, கடைக்குள் இருக்கிறது. ஜப்பானின் டகாரா என்னும் பொம்மை நிறுவனம் 1980இல் ‘டயாக்ளோன்’ என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. மகிழுந்தாகவும் விமானமாகவும் உருமாறும் எந்திரங்கள் பின்னர் அவ்வரிசையில் வந்தன. அவற்றுக்கு உயிரும் இல்லை, மனமும் இல்லை. கட்டைவிரலினும் சிறிய மனித உருவங்கள் உள்ளே அமர்ந்து அவற்றை ஓட்டின. மகிழுந்தும் விமானமும் அங்கே ஒரே அணி. அவற்றின் பகைவர் பூச்சி வடிவினரான வேற்றுக்கோளார். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இப்பொம்மைகளை வாங்கி, 1984இல் புதுப்பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெறும் எந்திரத்தைவிடப் பெயரும் குணமும் பகையும் உடைய எந்திரம் மிகுதியாக விலைபோகும் என்பது வணிகக் கணக்கு. மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தைச் சேர்ந்த பாப் புடியான்ஸ்கி, பாத்திரங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் வகுத்தார். மகிழுந்துகள் பெரும்பாலும் நல்லோர் ஆயின. போர் விமானங்களும் கைத்துப்பாக்கியும் தீயோர் ஆயின. டோக்கியோவில் தோழராய் இருந்தவர்கள் கடல் கடந்ததும் ஊழிக்காலப் பகைவர் ஆகிவிட்டனர்!

பகையை மறவாதிருக்கச் சின்னமும் வேண்டுமல்லவா? ஆட்டோபாட்டின் சின்னம் சிவப்பு முகம். டிசெப்டிகானின் சின்னம் ஊதா முகம். 1985 முதல் பொம்மைகளின்மீது சிறிய ஒட்டுவில்லை ஒன்று இடம்பெற்றது. விரலால் தேய்த்தால் உடற்சூட்டில் நிறம் மாறி, அப்பொம்மை எந்த அணி என்பதை அது காட்டும். அசலையும் போலியையும் பிரித்தறியச் செய்த ஏற்பாடு அது. எனினும் ஒரு குழந்தை பொம்மையைக் கையில் வாங்கியதும் முதலில் தேய்த்துப் பார்த்தது, இவன் நம்மவனா அயலானா என்பதைத்தான்.

அணிக்கு அடையாளம் சூடுவது புதுமையன்று. பண்டைத் தமிழரின் போர் இலக்கணம் முழுவதும் பூக்களால் ஆனது. ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். அதை மீட்போர் கரந்தை சூடினர். மதிலை முற்றுகை இடுவோர்க்கு உழிஞை, மதிலைக் காப்போர்க்கு நொச்சி எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கிறது. அங்கும் போரின் வேர் ஒரு பொருளே. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்ற பொருளும் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை உற்றுநோக்க வேண்டும். வெட்சிப் பூ ஒருவன் செய்யும் செயலைக் காட்டுகிறது. அவன் குணத்தை அது தீர்ப்பிடவில்லை. இன்று வெட்சி சூடியவன் நாளை தன் ஆநிரையைப் பறிகொடுத்தால் கரந்தை சூடுவான். மாலையில் வாடும் பூ அது. இரு படையும் களத்தில் எதிரெதிர் நின்று பொரும்போதோ இருவரும் சூடுவது ஒரே தும்பைப் பூ! டிசெப்டிகான் என்னும் பெயர் அத்தகையதன்று. ஆங்கிலத்தில் வஞ்சகத்தைக் குறிக்கும் சொல் அப்பெயருக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. அவன் வாய் திறக்குமுன்பே வஞ்சகன் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. இக்கதையின் பெருங்குறை மோதலன்று, இந்தப் பெயரே. ஒரே வகுப்பில் ஒன்றாய் அமர்வோர் விளையாட்டு விழா நாளில் நான்கு நிறச் சட்டைகளில் நான்கு இல்லத்தாராய்ப் பிரிந்து கத்துவதில் கேடில்லை. மறுநாள் சட்டை மாறிவிடும்.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1984ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் சைபர்ட்ரானில் ஆற்றல் வறண்டுவிடுகிறது. புதிய ஆற்றல் ஊற்றைத் தேடி ஆட்டோபாட்டுகள் விண்கலத்தில் புறப்பட, டிசெப்டிகான்கள் பின்தொடர்ந்து தாக்க, கலம் பூமியின் எரிமலை ஒன்றில் மோதி விழுகிறது. நாற்பது இலட்சம் ஆண்டுகள் உறங்கியபின் 1984இல் இரு திறத்தாரும் விழித்தெழுகின்றனர். உடனே மெகாட்ரானின் படை கடலிலுள்ள எண்ணெய்த் துரப்பண மேடையைத் தாக்குகிறது. பின்னர் ஓர் அணையின் நீர்மின் நிலையத்தைத் தாக்குகிறது. பர்மாவின் மாணிக்கச் சுரங்கத்துக்கும் செல்கிறது. அங்கெல்லாம் கிடைத்த ஆற்றல் ஒளிரும் எனர்ஜான் கட்டிகளாக அடுக்கப்படுகிறது. 1973இலும் 1979இலும் எண்ணெய்த் தட்டுப்பாட்டைக் கண்டு கலங்கிய ஒரு சமூகத்தின் அச்சம் இக்காட்சிகளில் படிந்திருப்பதாகக் கொள்வதில் தவறில்லை. எண்ணெய் மேடையில் வேலை செய்த ஒரு தந்தையும் மகனும் ஆட்டோபாட்டுகளுக்கு நண்பர் ஆகின்றனர். உழைப்பாளர் இருவரைக் கதையின் நடுவே வைத்தது நன்று. ஆனால் அவர்களும் விரைவிலேயே போருக்குத் துணைநிற்பவராக மாறிவிடுகின்றனர். எண்ணெய் எடுப்பவராக அவர்களைக் கதை பிறகு பெரிதும் நினைப்பதில்லை.

1986இல் வெளிவந்த முழுநீள அசைவூட்டப் படம் வேறொரு பாடத்தைத் தந்தது. படத்தின் முற்பகுதியிலேயே ஆப்டிமஸ் பிரைம் இறந்துவிடுகிறான். அவனுடன் பழைய பாத்திரங்கள் பலரும் மடிகின்றனர். கதைக்குத் தேவை என்பதால் நேர்ந்த சாவன்று அது. பழைய பொம்மைகளைக் கடையிலிருந்து விலக்கிப் புதிய பொம்மைகளுக்கு இடம் தர வேண்டியிருந்தது. திரையரங்குகளில் குழந்தைகள் அழுதனர், பெற்றோர் கொதித்தனர். சரக்குப் பட்டியலை வைத்து முடிவெடுத்தவர்கள், அதே சரக்கை ஒரு குழந்தை தலைமாட்டில் வைத்து உறங்கியதைக் கணக்கில் கொள்ளவில்லை. அதே நிறுவனத்தின் அடுத்த படமான ‘ஜி.ஐ. ஜோ’வில் சாக வேண்டிய வீரன், இந்த அழுகையின் பயனாக மயக்கநிலையோடு தப்பினான். 1987இல் ஆப்டிமஸ் பிரைமும் தொடரில் உயிர்த்தெழுந்தான். விளம்பரமாகப் பிறந்த பாத்திரம் என்பதால் அதன்மேல் வைத்த அன்பும் பொய் என்று கூறுவார் உண்டு. அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. பாத்திரத்துக்குக் குரல் தந்த பீட்டர் கல்லன், வியட்நாம் போரில் பணியாற்றிய தம் அண்ணனை மனத்தில் கொண்டே அக்குரலை அமைத்ததாகக் கூறியுள்ளார். கத்தாமல் கட்டளையிடும் அக்குரலை எந்த விற்பனைப் பிரிவும் எழுதித் தந்திருக்க இயலாது.

இத்தனை ஆண்டுகளில் வந்த வடிவங்களுள், 2024இல் ஜோஷ் கூலி இயக்கிய ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ தான் இரு வினாக்களையும் நேராக எதிர்கொள்கிறது. 2007 முதல் வந்த பெரும்படங்களின் வெடிமுழக்கத்தில் இதைத் தவறவிட்டவர் பலர். இதில் ஆப்டிமஸும் மெகாட்ரானும் இன்னும் அப்பெயர்களைப் பெறவில்லை. ஒருவன் ஓரியன் பேக்ஸ், மற்றவன் டி-16. இருவரும் எனர்ஜான் சுரங்கத் தொழிலாளர், உயிர்த் தோழர். உருமாறுவதற்கு உரிய பற்சக்கரம் அவர்கள் மார்பில் இல்லை; அந்த இடம் வெறும் பள்ளமாக இருக்கிறது. ஆதலால் நகரத்தில் அவர்கள் தாழ்ந்தோர். நகரையே இயக்கும் பொருளைத் தோண்டித் தருபவனுக்கு அப்பொருள் தரும் வலிமையில் பங்கில்லை. பிறவியிலேயே இல்லை என்று அவர்கள் நம்பியிருந்தது பொய் என்பது பின்னர் வெளிப்படுகிறது. தலைவன் சென்டினல் பிரைம்தான் அவர்கள் கண்விழிக்குமுன்பே சக்கரத்தை எடுத்துவிட்டான். அவர்கள் தோண்டிய எனர்ஜானையும் கோளின் பகைவர்க்குக் கப்பமாகக் கொடுத்துவந்தான்.

இதை அறிந்த கணத்தில் தோழர் இருவரும் பிரிகின்றனர். ஒருவன் இனி என்ன செய்வது என்று எண்ணுகிறான்; மற்றவன் யாரைக் கொல்வது என்று எண்ணுகிறான். டி-16இன் சினத்தில் நியாயம் உண்டு. அதுவே படத்தின் சிறப்பு. அவனைத் தீயவனாக்கியது பெயரோ நிறமோ அன்று. அவன் வணங்கிய மெகாட்ரோனஸ் என்னும் முன்னோனின் முகம் பொறித்த ஒட்டுவில்லை ஒன்றைத் தொடக்கத்தில் ஓரியன் அன்போடு பரிசளித்திருந்தான். அந்த முகமே பிற்காலத்தில் டிசெப்டிகானின் சின்னம் ஆகிறது. நண்பன் தந்த பரிசே பகைவன் கொடியாயிற்று. தேய்த்தால் தோன்றும் அந்தப் பழைய வில்லையைக் கையில் வைத்திருந்த சிறுவர் இன்று நடுவயதினர். இக்காட்சியைக் காண அவர்களுக்கே உரிமை மிகுதி.

ஆயினும் படத்தின் முடிவில் ஒரு தப்பித்தல் இருக்கிறது. ஓரியன் ஆப்டிமஸ் பிரைம் ஆனதும் எனர்ஜான் தானாக ஆறாய்ப் பெருகுகிறது. இனி எவரும் சுரங்கத்தில் இறங்க வேண்டியதில்லை! வஞ்சகத் தலைவன் வீழ்ந்தபின் சுரங்கத்தில் யார் இறங்குவது, எத்தனை மணிநேரம், எடுத்ததில் அவர்க்கு எவ்வளவு பங்கு என்னும் கடினமான கேள்விகள் அந்த ஆற்றில் கரைந்துபோகின்றன.

மண்ணுலகில் நிலக்கரி அவ்வாறு பெருகுவதில்லை. இந்தியாவில் 1952இல் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை கொண்டுவரப்பட்டது. நிலக்கரி, எஃகு முதலியவற்றை நாட்டின் எம்மூலைக்கும் ஒரே விலையில் கொண்டுசெல்ல அரசு உதவியது. தொழில் எங்கும் பரவ வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் வஞ்சகம் இல்லை, சென்டினல் பிரைம் போன்ற எவரும் அதன் பின்னே இல்லை. ஆனால் சுரங்கத்தின் அருகே ஆலை அமைக்க வேண்டிய தேவை குறைந்தது. மேற்கிலும் தெற்கிலும் உள்ள கடலோர மாநிலங்களில் ஆலைகள் பெருகின. பயன்பெற்றவற்றுள் தமிழகமும் ஒன்று. இன்றைய ஜார்க்கண்ட் அடங்கிய அன்றைய பீகார், தன் மடியிலிருந்த செல்வத்தின் முழுப்பயனை இழந்தது. 1993இல் அக்கொள்கை முடிவுக்கு வந்தபோது நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆலைகள் ஒருமுறை வேரூன்றிய ஊரை விட்டு எளிதில் பெயர்வதில்லை.

அந்த ஜார்க்கண்டில், தன்பாதை அடுத்த ஜரியாவின் நிலக்கரிப் படுகையில் 1916இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்னும் அணையவில்லை. வெடித்த தரையின் பிளவுகளில் புகை வருகிறது. அதன் அருகில் வீடுகளும் இருக்கின்றன. விடியுமுன் சிறுவரும் பெண்களும் கூடைகளில் கரி பொறுக்கச் செல்கின்றனர்.