மண்ணும் சுண்ணாம்பும்

மகனுக்கு மணம் முடிந்தால் வீட்டில் ஓர் அறை கூடுதலாக எழும். இது நம் குடும்பங்களின் வழக்கம். அவ்வறையை எதனால் கட்டுவது என்று மட்டும் நாம் சிந்திப்பதில்லை. சிமெண்டுக்கும் கம்பிக்கும் பணம் திரட்டவே முனைகின்றோம்.

சுண்ணாம்புடன் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து நம் முன்னோர் எழுப்பிய சுவர், உள்வாங்கிய ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது. புது அறையோடு பொருந்தட்டும் என்று அதன்மேல் சிமெண்டு பூசுகின்றோம். ஈரம் உள்ளே தங்குகின்றது, பூச்சு உதிர்கின்றது. பழியோ பழைய சுவருக்கு!

சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். எரிபொருளின் புகையோடு, கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகின்றது. சுண்ணாம்புக்கும் சூளை வேண்டும். ஆயின் 900 பாகை அளவே போதும். இறுகும்போது, வெளிவிட்ட வாயுவில் ஒரு பகுதியை அது காற்றிலிருந்து மீண்டும் ஏற்கின்றது.

ஆரோவில்லில் 5 விழுக்காடு அளவே சிமெண்டு கலந்த மண்ணை அழுத்தி, சூளையின்றிக் கல்லாக்கிக் கட்டுகின்றனர். கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டி, ஏறத்தாழக் கால் பங்கு கல்லை மிச்சப்படுத்தினார்.

இத்தொழில் அறிந்த கொத்தனார்கள் அருகிவிட்டனர் என்பர். உண்மையே. கேட்பார் இருந்தாலன்றோ கற்பார் இருப்பர்?

பெரியோர்களே, அடுத்த அறைக்கு வானம் தோண்டுமுன் மண்ணையும் சுண்ணாம்பையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாணவர்களே, சுண்ணாம்பு அரைத்த முதியவர் ஊரில் இருப்பின், அவர்தம் கைப்பக்குவத்தை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். வீட்டைப் பெருக்கும் நாம், வீடு கட்டிய அறிவைச் சுருக்கிவிடலாகாது.