கூன் முதுமையின் குற்றமா?

மலையகத் தோட்டத்தில் வயது ஐம்பத்தைந்தைக் கடந்த பெண்ணொருத்தி முதுகுவலியோடு டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றால் அவளுக்குக் கிடைப்பவை இரண்டு: நாலைந்து வலிமாத்திரைகள், "வயது போனால் அப்படித்தான்" என்னும் ஆறுதல். மாத்திரை இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். ஆறுதலோ அவள் சாகும்வரை தொடரும். அந்த ஆறுதல் பொய் என்பதே நம் வாதம்.

எலும்பு உயிரற்ற கல்லன்று. ஒருபுறம் அரிக்கப்பட்டும் மறுபுறம் கட்டப்பட்டும் வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படுவது அது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குன்ற, அரிப்பு மிகுந்து கட்டுமானம் பின்தங்குகிறது. முள்ளெலும்புகள் நொறுங்கி அமுங்க, உயரம் குறைந்து கூன் விழுகிறது. கூன் என்று நாம் கடந்து போவனவற்றுட் பல உண்மையில் எலும்பு முறிவுகளே! கால் முறிந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். முதுகெலும்பு முறிந்தவளைக் 'கூனற் கிழவி' என்கிறோம்.

கூடை சுமந்து வந்த கூன் என்று இரங்குவாரும் உளர். இரக்கம் நன்று, கணக்குத்தான் பிழை. உடலுழைப்பு எலும்பை உரப்படுத்தவே செய்யும். பாலில்லாச் சாயத்தண்ணியிலும் கோதுமை ரொட்டியிலும் கழிந்த நாற்பது ஆண்டுகளை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. அலென்ட்ரோனேட் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முள்ளெலும்பு ஏற்கெனவே முறிந்திருந்த 2,027 பெண்களிடம் நடத்தி 1996இல் வெளியிடப்பட்ட சோதனையில், புதிய முள்ளெலும்பு முறிவுகளும் இடுப்பு முறிவுகளும் மூன்றாண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. வாரம் ஒரு மாத்திரை. காப்புரிமை காலாவதியாகி மலிந்துவிட்ட மருந்து. மாத்திரை ஒவ்வாதார்க்கு ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது.

"இது மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம்" என்று முகஞ்சுளிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி வைத்த சேனக பிபிலே, கம்பெனிகளின் கொள்ளையை எதிர்த்தாரேயன்றி மருந்தை எதிர்க்கவில்லை. தேவையான மருந்து அதன் பொதுப் பெயரில், குறைந்த விலையில் ஏழைக்குக் கிடைக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. தாடையெலும்பு அழுகலும் தொடையெலும்பு முறிவும் இம்மருந்தால் நேர்வதுண்டு. ஆனால் மிக அரிது. சிறுநீரகம் பழுதுற்றார்க்கு ஆகாது. கல்சியமும் வைட்டமின் டியும் குறைந்திருந்தால் அவற்றை முதலில் ஈடுசெய்தல் வேண்டும். இவையெல்லாம் மருத்துவர் கவனிக்கவேண்டியவை; மருந்தை மறுப்பதற்கான காரணங்களல்ல.

"எலும்படர்த்தியை அளக்கும் கருவிக்கு எங்கே போவது?" என்பர். சாதாரணமாக வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவளுக்குக் கருவி எதற்கு? முறிவே சாட்சி. மற்றையோர்க்கு வயது, எடை, பழைய முறிவு முதலியவற்றைக் கொண்டு ஆபத்தைக் கணிக்கும் 'ஃப்ராக்ஸ்' கணக்கில் இலங்கைக்கென்றே தனிப் பதிப்பு உண்டு.

பின் ஏன் மருந்து லயத்தை எட்டவில்லை? தோட்ட மருத்துவம் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தில் வேரூன்றியது; தொழிலாளி நோயுற்றால் கொழுந்து குறையும் என்னும் கவலையே அதன் தாய். பிள்ளைமடுவமும் மருத்துவிச்சியும் வந்தது நன்றே. எனினும் கொழுந்து பறிக்கும் கைக்கும் பிள்ளை பெறும் வயிற்றுக்குமே அங்கே கணக்கு உண்டு. தோட்டங்கள் 1970களில் அரசுக்குப் போயின. 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. செக்ரோலில் பெயர் வெட்டப்பட்ட பெண்ணுக்கு மட்டும் எவரும் பொறுப்பேற்கவில்லை.

மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டாலும் போதாது. வெறும் வயிற்றில், ஒரு குவளை பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் உண்ணாமலும் இருக்கவேண்டும், தேநீருங்கூட ஆகாது. விடியுமுன் சாயத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு பிரட்டுக்கு ஓடிப் பழகியவளிடம் இதை யார் தமிழில் விளக்குவது? ஞாயிற்றுக்கிழமையில் விழுங்கென்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

சம்பளப் பேச்சில் அமரும் தொழிற்சங்கங்கள் இதையும் மேசைமேல் வைக்கட்டும். ஐம்பது கடந்த ஒவ்வொரு பெண்ணின் உயரத்தையும், ஓய்வுபெற்றவளாயினும், ஆண்டுதோறும் டிஸ்பென்சரிச் சுவரில் கோடிட்டு அளக்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தவளைத் தோட்டத்து வண்டியிலேயே டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்பவேண்டும். அன்றைய வண்டிச் செலவு தோட்டத்தைச் சாரவேண்டும்.