ஆகாய வழிக்கு ஆளில்லை!

அமெரிக்காவில் ஆகாய விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர்கள் போதவில்லை என்கின்ற கூச்சல் நேற்று ஏற்பட்டதல்ல. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஜனாதிபதி ரீகன் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார். அவர்களுக்குப் பதிலாகக் கூட்டமாய்ச் சேர்க்கப்பட்டவர்கள், 56 வயதில் விலக வேண்டுமென்பது சட்டமானதால், கூட்டமாகவே விலகினார்கள்.

2025 ஜனவரி 29ந் தேதி இரவு வாஷிங்டனில் ஒரு விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டார்கள். அச்சமயம் விமானத்தையும் ஹெலிகாப்டரையும் ஒருவரே கவனித்து வந்தார். விபத்துக்கு அது ஒன்றே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மறுநாளே ஜனாதிபதி டிரம்ப், எல்லா வகுப்பாருக்கும் உத்தியோகத்தில் இடம் கொடுத்ததன் பலன் இதுவென்று ஜாடையாகப் பேசினாரே, அதற்கு ருஜு என்ன? கேட்டவர்களுக்கு, தமக்குப் பொது அறிவு இருக்கின்றதென்றார்! ஜோசியனாவது பஞ்சாங்கத்தைக் காட்டுவான்.

எந்த வகுப்பில் பிறந்தவரானாலும் நிலையத்தில் வருஷக்கணக்காய்ப் பழகித் தேறினாலொழிய அங்கு தனியே வேலை பார்க்க முடியாது. ஓக்லஹோமா நகரப் பள்ளியின் பாடத்தைச் சில கல்லூரிகளிலேயே முடித்து நேரே நிலையத்துக்குப் போகலாமென்று 2024ல் ஏற்பாடு செய்தது நல்ல காரியமே. ஆனால் அங்கு பழக்கிவிட வேண்டியவர்களோ வாரம் 6 நாள் உழைத்துச் சலித்தவர்கள். 2025 அக்டோபர் முதல் 43 நாள் சர்க்கார் முடங்கியபோது சம்பளம் கைக்கு வராமலே உழைத்தவர்களும் அவர்களே. இப்படிப்பட்ட உத்தியோகத்துக்கு வாலிபர்கள் எதை நம்பி வருவார்கள்?