தட்டில் இல்லாத பெயர்

சாக்ஸபோன் என்ற வாத்தியத்தின் பெயரைச் சொன்னால் நம் இல்லங்களில் கத்ரி கோபால்நாத்தின் நினைவே முதலில் எழும். நாகசுரக் குடும்பத்தில் பிறந்த அவர், மைசூர் அரண்மனைப் பாண்டு வாத்தியக் குழுவில் அதனைக் கண்டு விரும்பி, பல்லாண்டு உழைத்துக் கர்நாடக இசைக்கு அதனை வசப்படுத்தினார். 2019-ல் அவர் மறைந்தபோது நாடே அவரை நினைவுகூர்ந்தது. இத்திங்கள் நாம் பேச எடுத்துக்கொண்டவருக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. கத்ரியார் பிறப்பதற்கு முன்னரே இந்நாட்டில் சாக்ஸபோன் வாசித்தவர் அவர். ரூடி ஜாக்சன் என்பது பெயர். அமெரிக்கக் கறுப்பினத்தவர், ஜாஸ் என்னும் இசையைச் சார்ந்தவர். அவர் ஊதிய இசை இன்றும் உலகெங்கும் ஒலிக்கின்றது. ஊதியவர் இன்னார் என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

இந்தச் சங்க ஏட்டில் ஜாஸ் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தங்கவயலில் ஆங்கிலேயர் மன்றங்களில் நடன இசை முழங்கிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் பெயர்ந்தன. பெயர்ந்து செல்வோர் கனமான பொருள்களை விட்டுச் செல்வது இயல்பு. இசைத்தட்டோ கனமும் உண்டு, உடையவும் உடையும். ஆகவே பேத்தமங்களாவிலும் உரிகத்திலும் சாம்பியனிலும் நம்மவர் வீட்டுப் பரண்களில் அத்தட்டுகள் கிடத்தல் கூடும். அவற்றைப் பழைய சாமான்காரனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன், ஒரு தட்டினை எவ்வாறு படிப்பது என்று அறிந்துகொள்வதில் தவறில்லை.

ஜாக்சன் 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் என்னும் ஊரில் பிறந்தார். சிகாகோவில் இசைத்தொழிலுக்கு வந்தார். கிளாரினெட், சாக்ஸபோன் இரண்டும் கைவந்தவர். ‘கிங்’ ஆலிவர் என்று புகழ்பெற்ற கார்னெட் வித்துவானின் குழுவில் வாசித்தார். 1927-ல் நியூயார்க்கில் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்தார். எலிங்டன் அப்போது இருபத்தெட்டு வயதினர். அவருடைய பெரும்புகழ் அப்பொழுதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. ஜாக்சன் அங்கே இருந்தது சில திங்கள்களே. அச்சில திங்கள்களில் பதிவான பக்கங்களே அவருடைய இளமைக்கால இசைக்கு நமக்குள்ள சிறந்த சான்று.

இவற்றைத் தேடுவோன் முதலில் திகைப்பான். இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில் பாட்டின் பெயர் உண்டு, இயற்றியவர் பெயர் உண்டு, குழுத்தலைவர் பெயர் உண்டு. உள்ளே அமர்ந்து ஊதிய பத்துப் பேரின் பெயர் இராது. குழுவின் பெயரும் நிலையானதன்று. ஒரே எலிங்டன் குழு, பிரன்ஸ்விக் நிறுவனத்தின் தட்டில் ‘வாஷிங்டோனியர்’ என்றும், விக்டர் நிறுவனத்தின் தட்டில் ‘டியூக் எலிங்டனும் அவர் வாத்தியக் குழுவும்’ என்றும் வரும்.

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணி செய்பவனுக்கு இது புதிய இடர் அன்று. பெட்டியின் மேல் பெயர் அழிந்திருக்கலாம். ஒரு பெட்டியின் சீட்டு மற்றொன்றின் மேல் ஒட்டியிருக்கலாம். வே-பில் எண் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். பெட்டி எங்கே ஏறியது, எந்நாள் ஏறியது, யாருக்கு உரியது எனப் பதிவேடு சொல்லிவிடும். இசைத்தட்டுக்கும் அவ்வாறு ஓர் எண் உண்டு. தட்டின் வரிப்பள்ளம் முடியும் இடத்திற்கும் நடுச்சீட்டிற்கும் இடையே வழுவழுப்பான வளையம் ஒன்று காணப்படும். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அங்கே சிறு எண்களும் எழுத்துகளும் பொறித்திருப்பது தெரியும். அந்நாளில் மெழுகுத் தட்டில் இசையைப் பதிந்து, அதன்மேல் உலோகம் பூசி அச்செடுத்து, அவ்வச்சினால் அரக்குத் தட்டுகளை அழுத்தி எடுத்தனர். மெழுகுக்கு இட்ட எண்ணே இது. நடுச்சீட்டில் உள்ள பட்டியல் எண் கடைக்காரனுக்காக. வளையத்து எண் தொழிற்சாலைக்காக. ஒரு பாட்டை இரண்டு மூன்று முறை வாசிக்கச் செய்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாதலால், எத்தனையாவது முயற்சி என்பதும் எண்ணாகவோ எழுத்தாகவோ உடன் நிற்கும். சில நிறுவனங்கள் முயற்சி எண்ணை மட்டுமே வெளியே காட்டின. அப்போது பட்டியல் எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இவ்வெண்களையெல்லாம் திரட்டி, இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னின்னார் வாசித்தனர் என்று வரிசைப்படுத்தியவர்களை நாம் வணங்கத்தான் வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ரஸ்ட் என்பார் 1942 வரையிலான ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் பெரும் பட்டியல் ஒன்றைத் தம் வாழ்நாள் உழைப்பினால் ஆக்கினார். இன்று சான்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பழைய நிறுவனங்களின் பதிவேடுகளையே கணினி வழியாக எவரும் பார்க்குமாறு வைத்துள்ளது. பேத்தமங்களாவில் இருந்தபடியே கைப்பேசியில் எண்ணைத் தட்டி, நியூயார்க்கில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நாளின் நிகழ்ச்சியைக் காணலாம். நம் முன்னோர்க்கு இது மாயமாகத் தோன்றியிருக்கும்.

எண்ணின் பயன் யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி’ என்னும் பாட்டை எலிங்டன் குழு 1927-ஆம் ஆண்டில் மூன்று நிறுவனங்களுக்காக மும்முறை பதிவு செய்தது: பிரன்ஸ்விக்குக்கு ஏப்ரலில், விக்டருக்கு அக்டோபரில், ஒகே நிறுவனத்துக்கு நவம்பரில். பாட்டு ஒன்றே, குழுவும் ஒன்றே என்றுதான் எவரும் எண்ணுவர். ஏப்ரல் பதிவின்போது ஜாக்சன் இன்னும் எலிங்டனிடம் வந்து சேரவில்லை. எனவே முதல் தட்டில் அவரைத் தேடுவது வீண். நவம்பர் பதிவில் மற்றொரு மாற்றம்: குழுவின் உயிர்நாடியாக விளங்கிய பப்பர் மைலி என்னும் டிரம்பெட் வித்துவானுக்குப் பதிலாக ஜாபோ ஸ்மித் அமர்ந்திருந்தார். சீட்டுகளில் இவை எவற்றிற்கும் குறிப்பே இல்லை.

எண் நாளைக் காட்டும். ஆளைக் காட்டுவதற்குச் செவியின் துணையும் வேண்டும். எலிங்டனிடம் அப்போது துளைக்கருவி வாசித்தோர் மூவர்: ஆட்டோ ஹார்ட்விக், பதினேழு வயதுச் சிறுவன் ஹாரி கார்னி, ஜாக்சன். மூவருமே ஒரு கருவியோடு நிற்பவர் அல்லர்; ஒரே பாட்டில் சாக்ஸபோனை வைத்துவிட்டுக் கிளாரினெட்டை எடுப்பர். நம்மிடையே ஒரு பிடியைக் கேட்டவுடன் ‘இது திருவாவடுதுறையார் நாகசுரம்’ என்று சொல்லவல்ல பெரியவர்கள் இருந்தனர் அல்லவா? அத்தகைய செவிகளே அங்கும் இவ்வேலையைச் செய்தன. ஜாக்சனின் கிளாரினெட் ஒலி கனத்தது, ததும்புவது. ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் பிறகு பிரித்தறிவது எளிது.

அவ்வொலி மிகத் தெளிவாகக் கேட்பது, 1927 அக்டோபர் 26-ஆம் நாள் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவான ‘கிரியோல் லவ் கால்’ என்னும் பாட்டில். அடிலெய்டு ஹால் என்ற பெண்மணி சொல்லே இன்றி, நம் ஆலாபனை போலக் குரலை மட்டும் இழையவிட்டுப் பாடுகிறார். நடுவே ஜாக்சனின் கிளாரினெட் தனித்து வருகிறது. மூன்று நிமிடங்களுக்குச் சற்று மிகுந்த இத்தட்டு எலிங்டனின் புகழுக்கு வழிதிறந்தவற்றுள் ஒன்று.

இந்த இனிய இசைக்குள் ஒரு கசப்பும் உண்டு. இம்மெட்டு தம்முடையது என்று சொல்லி ஜாக்சன் எலிங்டனிடம் கொடுத்தார் என்பர். உண்மையில் அது ‘கிங்’ ஆலிவரின் குழு 1923 அக்டோபரில் கொலம்பியா நிறுவனத்துக்குப் பதிவு செய்த ‘கேம்ப் மீட்டிங் புளூஸ்’ என்னும் பாட்டின் மெட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் ஐயுற வழியில்லை. 1923-ல் ஒலிவாங்கி வரவில்லை. பெரிய கொம்பின் முன் நின்று வாசித்ததால் ஒலி தொலைவில் கேட்கும். 1927-ல் மின்முறைப் பதிவு வந்துவிட்டதால் அண்மையில் கேட்கும். ஒலியின் தூரம்தான் வேறு, மெட்டு வேறன்று. ஆலிவர் உரிமை கோரினார், பலிக்கவில்லை. அவ்வாண்டு முடிவை ஒட்டி ஜாக்சன் எலிங்டனை விட்டு நீங்கினார். இப்பூசலே காரணம் என்று கூறுவர். அவருடைய இடத்திற்குப் பார்னி பிகார்டு வந்து, நெடுங்காலம் இருந்து, பெரும்பெயர் பெற்றார்.

இப்போது நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஜாக்சன் மெய்யாக ஊதிய எத்தனையோ தட்டுகளில் அவர் பெயர் இல்லை. அவர் இயற்றாத ஒரு மெட்டுக்கு இயற்றியோர் வரிசையில், எலிங்டன், மைலி ஆகியோர் பெயர்களோடு அவர் பெயரும் இன்றளவும் அச்சாகின்றது. வர வேண்டிய இடத்தில் வராத பெயர், வரத் தகாத இடத்தில் வந்து நிற்கின்றது! ஆலிவரோ வறுமையுற்று 1938-ல் மறைந்தார்.

இது அமெரிக்காவில் மட்டும் நிகழ்ந்தது என்று கருத வேண்டா. நம் கோயம்புத்தூர்த் தாயி, இசைத்தட்டு வந்த தொடக்கக் காலத்திலேயே ஏராளமாகப் பாடிப் பதிவு செய்தவர். பிரெஞ்சு நாட்டு இசையறிஞர் மாரிஸ் டெலாஜ் 1912-ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்து சென்றார்; தாயியின் இசையில் மயங்கினார். பின்னர் ‘இராகமாலிகா’ என்ற பெயரில் குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் இசையமைப்பு எழுதினார். அது தாயி பாடிய தட்டினை அடியொற்றியது என்று ஆராய்ச்சியாளர் தட்டையும் ஏட்டையும் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். மேலை நாட்டு மேடைகளில் அதனைக் கேட்டுக் கைதட்டியோருள் எத்தனை பேர் கோயம்புத்தூரைக் கேள்விப்பட்டிருப்பர்?

பாடுவோர்க்கு ஒரு சிறு காப்பு இருந்தது என்றும் சொல்ல வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். மெழுகு ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குப் போய் அங்கே தட்டாகும். மொழியறியாத தொழிலாளர் சீட்டை மாற்றி ஒட்டாதிருக்க இவ்வேற்பாடு. 1908-ல் கல்கத்தாவிலேயே ஆலை ஏற்பட்டபின் அதற்குத் தேவை குறைந்தது. அந்தத் தட்டுகளில் சாரங்கி வாசித்தவரோ, தமிழ்த் தட்டுகளில் பிடிலும் மிருதங்கமும் வாசித்தவரோ, பெரும்பாலும் பெயர் சொல்லவும் இல்லை. சீட்டில் ஏறவும் இல்லை.

எலிங்டனைப் பிரிந்த ஜாக்சன், நோபில் சிசில் என்பவரின் குழுவோடு ஐரோப்பா சென்றார். 1929-ல் அக்குழு இலண்டனில் எச்.எம்.வி. நிறுவனத்துக்குப் பதிவு செய்தது. 1930-களில் லியான் ஆபியின் குழுவோடு அவர் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் டெடி வெதர்ஃபோர்டு என்னும் பியானோ வித்துவானோடு சேர்ந்து இந்தியாவிலும் இலங்கையிலும் காலங்கழித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா திரும்பி இசைத்தொழிலையே விட்டுவிட்டார். நிறவேற்றுமை கொடுமையாக இருந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலின் மேடை ஒரு புகலாக இருந்தது. அங்கே வாசித்த கிரிக்கெட் ஸ்மித்தின் குழு 1936-ல் பம்பாயில் பதிவு செய்த ‘தாஜ்மகால்’ என்னும் நடனப் பாட்டு ரெக்ஸ் தட்டாக வந்தது. அதன் பெயரையே தலைப்பில் தாங்கி, நரேஷ் பெர்னாண்டஸ் என்னும் பத்திரிகையாளர் 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். இக்கலைஞர்களுள் ராய் பட்லர் என்னும் சாக்ஸபோன்காரர், விளம்பரத் துண்டுகளையும் படங்களையும் ஒட்டிக் காத்து வைத்த ஏடு அந்நூலுக்குப் பெரிதும் உதவியது. பட்லருக்கு அந்த ஏடு இருந்தது; ஜாக்சனுக்கு எண்களே துணை.

வெதர்ஃபோர்டின் குழு போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் வாசித்து, கொலம்பியா நிறுவனத்துக்குப் பல பக்கங்கள் பதிவு செய்தது. அந்நாளில் கல்கத்தாவில் வாசித்தோருள் ரூபன் சாலமன் என்னும் கிளாரினெட் வித்துவான், பர்மா வீழ்ந்த 1942-ல் அங்கிருந்து தப்பி வந்தவர். அதே ஆண்டில் அதே பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இவ்வேட்டைப் படிப்போருள்ளும் இருக்கலாம். வெதர்ஃபோர்டு 1945 ஏப்ரலில் கல்கத்தாவிலேயே காலராவினால் இறந்தார். வயது நாற்பத்திரண்டைக்கூட எட்டவில்லை.

இனிச் செய்ய வேண்டுவது. பரணிலுள்ள தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர், நிமிர்த்தி வையுங்கள். தூசியை ஈரத்துணியால், நடுச்சீட்டு நனையாதபடி துடைக்கலாம். ஸ்பிரிட் மட்டும் கூடவே கூடாது: அரக்கு அதில் கரையும், ஒரு துடைப்பிலேயே இசை போய்விடும். பழைய கிராமபோனில் போட்டுப் பார்க்க விரும்புவோர் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி மாற்றுக. தேய்ந்த ஊசி பள்ளத்தை உழுதுவிடும். விரிசல் கண்ட தட்டையும் எறிய வேண்டா. இசை போனாலும் எண் இருக்கும். கொலம்பியா, ரெக்ஸ், எச்.எம்.வி. முத்திரையுள்ள ஆங்கில நடனத் தட்டு எவரிடமேனும் இருப்பின், குழுத்தலைவர் பெயர், இருபக்கப் பட்டியல் எண்கள், வளையத்துள் பொறித்த எண்கள், அவற்றை அடுத்துள்ள எழுத்து ஆகியவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புக. தமிழ்த் தட்டாயின் பக்கவாத்தியக்காரரைப் பற்றி வீட்டுப் பெரியவர் நினைவில் உள்ளதையும் சேர்த்து எழுதுக. வளையத்து எண் மங்கலாயிருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்க்க, எண் தாளில் ஏறும். அந்தத் தாளையே அனுப்பலாம்.