ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!



கிள்ளான் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் என்னை ஒரு வாரமாகச் சிந்திக்க வைத்துவிட்டது. இளமையில் பால்மரம் வெட்டியவர்; பிறகு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் எழுதியதன் சாரம் இதுதான்:

"என் மூத்த மகள் நாலு வருடமாக ஓர் அகப்பக்கம் நடத்துகிறாள். எந்தக் கிரைண்டர் உழைக்கும், எந்தக் குக்கரின் ரப்பர் சீக்கிரம் போகும், புதுத் தோசைக்கல்லை எப்படிப் பழக்குவது என்றெல்லாம் தமிழிலும் மலாயிலும் எழுதுகிறாள். அதில் மாதாமாதம் ஏதோ காசு வருகிறது. இப்போது அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, எழுத நேரமில்லை. கோலாலம்பூரில் ஒருவர் அந்தப் பக்கத்தை 1,500 வெள்ளிக்குக் கேட்கிறார். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் கையோடு காசு என்கிறார். சின்னவனுக்குப் பாலிடெக்னிக் செலவு இருக்கிறது. காற்றில் இருக்கிற கடைக்கு யார் இவ்வளவு தருவார்கள், கொடுத்துவிடு என்கிறேன் நான். மகள் தயங்குகிறாள். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்."

அம்மா, வழி சொல்லுமுன் என் தகப்பனார் செய்த ஒரு வியாபாரத்தைச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யும்படி உத்தரவு வந்த சமயம். எங்களிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. ஒரு சாயங்காலம் லாரியோடு வந்த வியாபாரி ஒரு தொகையைச் சொன்னார். அப்பா மாட்டைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் மாடுகள் லாரியில் ஏறிவிட்டன. இரண்டு மாடுகளுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகையை ஒரே மாட்டில் அந்த வியாபாரி எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அம்மா அழவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால் கறக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் கடிதத்துக்கும் பதில். கறக்கிற பொருளுக்குக் கறவையைச் சொல்லித்தான் விலை பேச வேண்டும்.

முதலில், இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தீபாவளிச் சமயத்தில் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்குப் போகிறோம். தெரிந்த ஒருவர், "அந்தக் கடைக்குப் போங்கள், நல்ல சேலை கிடைக்கும்" என்று கைகாட்டுகிறார். நாம் வாங்கினால் கடைக்காரர் அவருக்குச் சிறு கமிஷன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் செய்வதும் இதுதான். அவள் எழுதியதைப் படிப்பவர் அங்குள்ள சுட்டியைத் தட்டி, இணையக் கடைக்குப் போய்ப் பொருள் வாங்கினால் அவளுக்குக் கமிஷன் விழுகிறது. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 1996-லேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் ஷாப்பி, லசாடா போன்றவை இப்படிக் கமிஷன் தருகின்றன. ஆக, இது காற்றில் இருக்கிற கடை அல்ல, அம்மா. நாலு வருட உழைப்பில் வளர்ந்த மரம்.

மகளிடம் பன்னிரண்டு மாதக் கணக்கைக் கேட்டிருந்தேன். ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறாள். ஓராண்டில் வந்த கமிஷன் 5,400 வெள்ளி. அகப்பக்கத்தின் பெயருக்கும், அதை வைத்திருக்கும் இடத்துக்கும், இதர வகைக்கும் ஆண்டுச் செலவு 600 வெள்ளி. மிச்சம் 4,800. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 400 வெள்ளி. அவர் தருவதாகச் சொல்லும் 1,500 நாலு மாத வருமானம்கூட இல்லை! ஐந்தாம் மாதத்திலிருந்து அவருக்கு எல்லாமே லாபம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் 1,050 வெள்ளி வந்ததைக் காட்டி விலை சொல்வது நியாயமல்ல. ஆள் நடமாட்டமில்லாத மாதத்தில் 190 வந்ததைக் காட்டி அவர் விலையைக் குறைப்பதும் நியாயமல்ல. மழைக்காலத்துப் பாலை மட்டும் வைத்து ஒரு தோட்டத்தின் விளைச்சலைச் சொல்வோமா? ஓராண்டுச் சராசரிதான் இரு தரப்புக்கும் பொதுவான தராசு.

இந்தச் சராசரி மாத லாபத்தை எத்தனை மாதத்தால் பெருக்குவது என்பதே அடுத்த கேள்வி. அகப்பக்கங்களை வாங்கி விற்கும் சந்தைகளே உலகில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2009-ல் தொடங்கிய ஃபிளிப்பா அவற்றில் ஒன்று. வேரூன்றிய பக்கங்கள் இரண்டு, மூன்று ஆண்டு லாபத்துக்கு விலை போவதுண்டு. சிறியவையும் பலவீனமானவையும் ஓராண்டு லாபத்தோடு நின்றுவிடுவதுண்டு. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள, பால்மரத்தைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தாலே போதும்.

நட்ட மரம் ஆறேழு வருடத்தில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் மறுநடவுக்குப் போகும். தோட்டம் வாங்குகிறவர் மரத்தின் வயதைக் கேட்பார், பட்டையைப் பார்ப்பார், மூன்று வருட விளைச்சல் கணக்கைப் புரட்டுவார். அகப்பக்கத்துக்கும் அப்படித்தான். எத்தனை வருடமாக நடக்கிறது? வருமானம் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஒரே கடையின் கமிஷனையா நம்பியிருக்கிறது? வாசகர்கள் கூகள் தேடல் வழியாக மட்டும் வருகிறார்களா, பெயரைத் தெரிந்துகொண்டும் தேடி வருகிறார்களா?

இவை வீண் கேள்விகள் அல்ல. 2020 ஏப்ரலில் அமேசான் மரச்சாமான் போன்ற சில வகைகளுக்கான கமிஷனை 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கு இறக்கியது. அதை மட்டும் நம்பி 800 வெள்ளி சம்பாதித்தவருக்கு, அதே உழைப்புக்கு 300 வெள்ளிதான் மிஞ்சியிருக்கும். 2023 செப்டம்பரில் கூகள் தன் தேடல் முறையை மாற்றியபோது சிறிய அகப்பக்கங்கள் பல, வாசகர்களைப் பெருமளவில் இழந்தன. இப்போதோ கேட்ட கேள்விக்குக் கணினியே மேலே பதில் எழுதிவிடுகிறது. கீழே இறங்கி வந்து படிப்பவர்கள் குறைகிறார்கள். ஆகவே, வாங்குபவர் பயப்படுவதிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்து நான் உங்களுக்கு ஆசை காட்டக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மகள் வாரத்தில் மூன்று இரவுகள் கண்விழித்து எழுதியதற்குக் கூலி போடவே இல்லை. வாங்குபவர் வேறொருவரை வைத்து எழுத வேண்டும். அதற்கு மாதம் 150 வெள்ளி என்று வைத்தால், அவர் கையில் நிற்பது 250 வெள்ளிதான். அதை ஓராண்டால் பெருக்கினால் 3,000. ஈராண்டால் பெருக்கினால் 6,000. ஒரே கடையை அதிகம் நம்பியிருப்பதாக மகளே எழுதியிருக்கிறாள். எனவே என் கணக்கு இது: 6,000 கேளுங்கள், அது பேராசை அல்ல. 3,000-க்குக் கீழே தலையாட்ட வேண்டாம். கேட்பவர் இவர் ஒருவர்தானா என்றும் விசாரியுங்கள். இரண்டு பேர் கேட்டால்தான் பொருளுக்கு உண்மையான விலை தெரியும்.

ஆனால் ஆறு மாதம் காத்திருப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். எழுதுவதை நிறுத்திய பக்கம் பால் வற்றிய மரம் போல. விற்கும்வரை மாதம் இரண்டு கட்டுரையாவது மகள் எழுதட்டும்.

இனி, கைமாற்றும் விஷயம். கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். போய்ப் பேசுங்கள், தேநீர் குடியுங்கள். ஆனால் கடவுச்சொல் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். அதைக் கொடுத்த கணமே மாடு லாரியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டால் வங்கிக் கணக்கில் கமிஷன் ஏறிய பதிவுகளைக் காட்டலாம். வாசகர் எண்ணிக்கையைப் பார்வையிட மட்டும் அனுமதி கொடுக்கலாம். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

விலை முடிந்ததும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். என்னென்ன கைமாறுகிறது என்று அதில் வரிசையாக இருக்கட்டும்: அகப்பக்கத்தின் பெயர், கட்டுரைகள், படங்கள், மின்னஞ்சல் முகவரி. கமிஷன் கணக்கைப் பெரும்பாலும் பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. வாங்குபவர் தம் சொந்தக் கணக்கின் சுட்டிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். "இனி இதே துறையில் எழுதமாட்டேன்" என்று ஒரு வரி இருந்தால், எத்தனை வருடத்துக்கு என்று கேட்காமல் மகள் கையெழுத்துப் போடக் கூடாது.

பணத்தை நடுவில் ஒருவர் வைத்திருப்பது நல்லது. வழக்கறிஞர் ஒருவர் வைத்திருக்கலாம். இதற்கென்றே நடத்தப்படும் எஸ்குரோ சேவைகளும் உண்டு. வாங்குபவர் பணத்தை அங்கே கட்டுவார், பக்கம் கைமாறும், பிறகு பணம் உங்களுக்கு வரும். கைப்பேசியில் ரசீதுப் படத்தைக் காட்டி "போட்டுவிட்டேன்" என்றால் நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பாருங்கள். இந்தக் காலத்தில் யாராவது ஏமாற்றிப் பணத்தைக் கொண்டுபோனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும். இதை எல்லா வாசகர்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நீங்கள் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடக்கப்போகும் பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் சாலை என்று பெயர். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்று லாபம் பார்த்தார்கள். அந்த மண்ணின் விலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதில் பிறந்து உழைத்த நம்மவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லித் தொழிலாளர்களையே தோட்டங்களுக்குச் சொந்தக்காரர்களாக்கினார். நம் உழைப்புக்கு விலை உண்டு என்று நாமே நம்பியதால் நடந்த காரியம் அது.

மகளுக்குத் துணையாக நீங்களும் போங்கள், அம்மா. உங்களுக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். ஆனால் வாளியில் இருக்கும் பாலைக் கண்ணால் பார்த்தே இத்தனை என்று சொல்லத் தெரிந்தவர் நீங்கள். மாதம் 400 கறக்கிற பொருளை 1,500-க்குக் கேட்பவர் முகத்தைப் பார்த்து, "தம்பி, இது எவ்வளவு கறக்குது தெரியுமா?" என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்வியை அன்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த இதழில் சந்திப்போம்.