படைக்கொட்டிலும் தறிக்கூடமும்

அதியமானின் தூதாக வந்த ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான் என்பது புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்குரிய செய்தி. அங்கே கருவிகள் அணிசெய்யப்பெற்று, நெய் பூசப்பெற்று, கட்டுக்காவலில் வீற்றிருந்தன. அதியமானின் கருவிகளோ போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடந்தன. புகழ்வது போலப் பழித்த அப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் காஞ்சி மாணவர் நகைப்பர். மூக்குடைபட்டவன் தம் தொண்டை நாட்டு வேந்தனல்லனோ!

அக்கொட்டில் இன்று தில்லியில் உள்ளது. 2025-26ஆம் ஆண்டுக்கான நடுவணரசின் வரவு செலவுத் திட்டத்தில் படைத்துறைக்கு ஒதுக்கப்பெற்றது 6,81,210 கோடி உருபா. அவ்வரசு செலவிடும் ஒவ்வொரு நூறு உருபாவிலும் பதின்மூன்றுக்கு மேல். அதே திட்டத்தில் பருத்தி, பட்டு, சணல், கைத்தறி என அனைத்தையும் தன்னுள் அடக்கிய நெசவுத்துறை அமைச்சகத்திற்குக் கிடைத்தது 5,272 கோடி. ஒன்றுக்கு 129 என்பது கணக்கு.

இதனைக் கண்டவுடன், படையே எதற்கு என்று கேட்பாரும் உளர். யாம் அவ்வாறு கேளோம். வள்ளுவப் பெருந்தகை அரசுக்குரிய ஆறு உறுப்புகளுள் படையையே முதலில் வைத்தார். 1962இல் சீனப்படை இமயத்தைத் தாண்டி வந்தபோது, பனிக்கேற்ற உடையும் போதிய கருவியும் இன்றி இளைஞர்கள் மாண்டனர். படைத்துறை அமைச்சர் கிருட்டிணமேனன் பதவி துறக்க நேர்ந்தது. காசை மிச்சப்படுத்தி உயிரை இழந்த அப்பிழையை மீண்டும் செய்யச் சொல்வது அறமன்று. 2020 சூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட இருபதின்மருள் ஒருவர் இராமநாதபுர மாவட்டத் தமிழர். (எல்லையில் சீனத்தோடு பூசல், சீனத்துப் பட்டு நூலோ இந்தியத் தறிகளில் இன்றும் ஓடுகின்றது. இவ்வேடிக்கையை எந்த அமைச்சரும் விளக்கக் காணோம்.)

நம் வினா வேறு. எவ்வளவு என்பதற்கு முன்னர், யாரைக் கேட்டு, யாரைக் காக்க என்று கேட்க வேண்டாவா?

2018 மார்ச்சில் மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் செலவுக் கோரிக்கைகளும் உரையாடலே இன்றி, அரைமணி நேர அளவில் நிறைவேறின. படைத்துறையின் கோரிக்கையும் அவற்றுள் ஒன்று. பள்ளிக்கு ஒரு கரும்பலகை வாங்க எத்தனை கையொப்பம் வேண்டும் என்பதை எம்மைப் போன்ற ஆசிரியர் அறிவர்!

கேட்டால் நாட்டுப்பற்றில்லாதவர் என்னும் பழி வரும். தமிழரை நோக்கி இப்பழியைத் தூற்றுவார் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1962இல் சீனப்போர் மூண்டபோது தனிநாட்டுக் கோரிக்கையை ஒதுக்கி வைத்து, நடுவணரசின் போர் முயற்சிக்குத் துணை நின்றவர் இக்காஞ்சியிற் பிறந்த அண்ணா. அதன் பின்னரே, 1963இல், பிரிவினை பேசுவதற்குத் தடையாக அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் வந்தது. துணை நின்றதற்குக் கிடைத்த கைம்மாறு அது!

இனி, காக்கப்பெறுவார் யாவர்? பாக்கு நீரிணையில் நம் மீனவரைச் சிங்களக் கடற்படை சுடுவதும் சிறைபிடிப்பதும் படகுகளைப் பறிப்பதும் பல்லாண்டுத் துயரம். நம் இழுவைப் படகுகள் எல்லை கடந்து ஈழத்து மீனவரின் வாழ்வைக் கெடுப்பதும் மெய்யே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அதனைப் பேசித் தீர்க்க வேண்டுமேயன்றித் துமுக்கியால் தீர்த்தல் ஆகாது. இராமநாதபுரத்து உச்சிப்புளியில் இந்தியக் கடற்படைத் தளமே உண்டு. இருந்தும், 2022 அக்தோபரில் நம் மீனவர் ஒருவர் குண்டடிபட்டது அந்த இந்தியக் கடற்படையினரின் கையால்! நிறுத்தச் சொல்லியும் படகு நிற்கவில்லை என்பது அவர்தம் விளக்கம். வரி கொடுத்தவனின் உடம்பிலேயே அவ்வரியால் வாங்கிய குண்டு பாய்ந்தது.

1987 முதல் 1990 வரை ஈழத்தில் நின்ற படையை மறப்போமா? அங்கே மாண்ட இந்தியப் படையினர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர். அப்படையால் மாண்ட ஈழத்தமிழரும் பலர். 1990 மார்ச்சில் அது சென்னையில் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அப்போர்ச் செலவில் ஒரு காசேனும் தமிழரைக் கேட்டுச் செலவிடப்பெற்றதா?

எனவே எம் கருத்து இது. எல்லையில் நிற்பவனின் உடை, உணவு, கருவி, ஊதியம் ஆகியவற்றில் ஒரு காசும் குறைத்தலாகாது. ஆனால் படைத்துறையின் ஒவ்வொரு கோரிக்கையும் மக்களவையில் வரிக்குவரி பேசப்பெறல் வேண்டும். மீனவர் உயிர்க்காப்புக்கு எவ்வளவு என்று அதில் தனியே எழுதப்பெறல் வேண்டும். அதனை எழுதாதவரை, கூடுதலாக ஒரு கோடி கேட்டாலும் தமிழக உறுப்பினர் கை தூக்கலாகாது.

மிச்சம் பிடிப்பவர்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2025-26 ஒதுக்கீட்டில் ஓய்வூதியம் மட்டும் 1,60,795 கோடி. 2022இல் வந்த நான்காண்டுப் பணித்திட்டத்தில் நால்வருள் ஒருவர்க்கே பணி நீடிக்கும். ஏனை மூவர் ஒரு தொகையோடு வீடு திரும்ப வேண்டும், ஓய்வூதியம் இல்லை. எம்மிடம் பயின்ற நெசவாளர் மகன் ஒருவன் அவ்வாறு சேர்ந்தான். சரிகை விலையேற்றத்தால் தந்தை ஒரு தறியை நிறுத்திவிட்டார், அதனால்தான் சென்றான். விடுப்பில் வந்தவன் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அங்கே ஆணைகள் எல்லாம் இந்தியில்தான் என்றான். பிறகு மெல்லக் கேட்டான்: "ஐயா, நான்காண்டு முடிந்து வந்தால், அப்பா தறியில் பாவு இருக்குமா?"